ஊமைக்கல் சந்துக் குழந்தை

கூஸ்கோ,
14 ஜூன் 1950

ஃபெர்மின் அண்ணாவுக்கு,

பசிலியா எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் தந்தி கிடைத்தது. "ஆழ்ந்த வருத்தம். வர இயலவில்லை." இதை லிமாவில் அச்சடித்துக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்களா, அண்ணா? டிராம் டிக்கெட் கிழிப்பது போல ஒன்றைக் கிழித்து எனக்கும் அனுப்பிவிட்டாயோ என்று தோன்றியது. பெற்றவள் மண்ணுக்குள் போகிறாள், மகனிடமிருந்து நாலு வார்த்தை. அதுவும் தபால் ஆபீஸ் கூரை விழுந்து கிடந்ததால் அடக்கம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது.

பூமி ஆடியது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஊரில் பாதி பேர் பந்து விளையாட்டுப் பார்க்க மைதானத்தில் இருந்தார்கள். நானும் அங்கேதான் அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் விற்றுக்கொண்டிருந்தேன். அதனால் பிழைத்தோம். அம்மா மாடியில் படுத்திருந்தாள். மேலே இருந்த மண் சுவர் அப்படியே அவள் மேல் உட்கார்ந்துவிட்டது. கீழ்ச் சுவராக இருந்த இன்கா ராஜாக்கள் காலத்துக் கல்லோ ஒரு மயிரிழை அசையவில்லை. அந்தக் கல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது அந்தக் கல்லுக்குத்தான் யோகம். சூரியக் கோயிலின் மேல் சாமியார்கள் கட்டியிருந்த மடம் சரிந்து, அடியிலிருந்த பழைய சுவர் வெளியே தெரிந்ததும், பழைய கட்டடங்களைப் பார்க்க வந்திருக்கிற கமிஷன்காரர்களுக்குக் கொண்டாட்டம். தொப்பியும் டேப்பும் சாக்கட்டியுமாகச் சந்து சந்தாக நுழைகிறார்கள். பன்னிரண்டு மூலைக் கல்லைப் பார்க்க வருகிற வெளிநாட்டான் அப்படியே நடந்து நம் ஊமைக்கல் சந்துக்கும் வர வேண்டுமாம். போன வாரம் ஒரு எஞ்சினியர் நம் வாசலில் நின்று கேட்டான்.

"இந்த வீட்டுக்காரி நீதானம்மா?"

"வீடு எங்க சார் இருக்கு? வீட்டுக்காரி மட்டும்தான் இருக்கேன்."

"மேல கெடக்கிற மண்ண அள்ளிட்டு, உள் சுவர்ல இருக்கிற பூச்சையும் சொரண்டிட்டு, கல்ல அப்படியே காட்டப் போறோம். உலகமே வந்து பாக்கும்."

"உலகம் வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு கூரை வருமா?"

அவன் சிரித்துவிட்டுச் சாக்கட்டியால் கதவில் ஒரு வட்டம் போட்டான். எங்களை எல்லாம் ஊருக்குக் கீழே, தகரக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு காவலாளியையும் போட்டாயிற்று. என் வீட்டுக்குள் போக நான் அவனிடம் கெஞ்ச வேண்டும்.

உள் சுவர்ப் பூச்சைச் சுரண்டப் போகிறார்கள், அண்ணா. புரிகிறதா? அம்மா போன பிறகு அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இருபத்தோரு வருஷம் நாம் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு எழுத்தில் எழுதுகிறேன், எழுதாமல் உனக்கு உறைக்காது.

நற்கருணைத் திருநாள் அன்று எனக்குப் பிறந்த குழந்தையைத்தான் சொல்கிறேன். கோவேறு கழுதை ஓட்டி வந்த அதன் தகப்பன் அபாங்காய்ப் பக்கம் போனவன் போனவன்தான். ஊர்ச் சாமியார்கள் எல்லாரும் ஊர்வலத்தில் இருந்தார்கள். குழந்தை தேறாது என்று தெரிந்ததும் அம்மா அதைச் சால்வையில் சுற்றி உன் கையில் கொடுத்து, "உள்ள கொண்டு போய்த் தண்ணி ஊத்துடா, பேர் வைடா" என்றாள். சாமியார் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் அவசர ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றலாம் என்று ஆட்டு மேய்ப்பனுக்கும் தெரியும். நீ அடுப்படி வாசலில் தலையை நீட்டி, "ஊத்திட்டேன், பேரும் வச்சிட்டேன்" என்றாய். அதை நினைத்துத்தான் நான் இத்தனை காலம் தூங்கினேன். சாயங்காலம் குழந்தை போய்விட்டது. கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் ஊர் சிரிக்கும் என்று அம்மா அதைச் சுவர் மாடத்தில் வைத்தாள். மறுநாள் நீ மண் குழைத்துப் பூசி மூடினாய்.

வா. காவலாளியை நான் பார்த்துக்கொள்கிறேன். பூசியவன் நீ, எங்கே தட்டினால் திறக்கும் என்று உனக்குத்தான் தெரியும். நாமே எடுத்துக் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் காலடியில் வைத்துவிடுவோம்.

உன் தங்கை
பசிலியா

*

லிமா,
9 ஜூலை 1950

அன்புத் தங்கச்சி பசிலிக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். அம்மாவுக்காக இங்கே பூசை வைத்தேன். நீ நம்பமாட்டாய், ஆனால் வைத்தேன். பூசையில் நானும் உன் அண்ணி ஓர்தென்சியாவும் மட்டும்தான் இருந்தோம். பாட்டுக்குச் சொல்லியிருந்த ஆள் வரவில்லை.

உன் கடிதத்தை ஓர்தென்சியாதான் வாங்கினாள். நல்ல வேளை, அவள் கையில் மாவு. "பிரிச்சுப் படிங்க, கேப்போம்" என்றாள். அம்மா அடக்கத்தைப் பற்றி என்று சொல்லி எனக்குத் தோன்றியதைப் படித்துக் காட்டினேன். வியர்த்துவிட்டது. இனிமேல் வீட்டுக்கு எழுதாதே, தங்கச்சி. டிராம் டிப்போவுக்கு எழுது, கண்டக்டர் ஃபெர்மின் கியுந்தோ என்று போட்டால் வந்துவிடும்.

வரவேண்டும் என்றுதான் இருக்கிறது. மலைப் பாதை இன்னும் சரிந்து கிடக்கிறதாம். லீவு கேட்டால் மேலதிகாரி என் தாய் ஏற்கெனவே இறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டுகிறார். நெஞ்சுச் சளி வேறு. இங்கே மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது, நாள் பூராவும் ஈரத்துணியைப் போர்த்தியது போல இருக்கிறது.

நீ பயப்படாதே. அந்தப் பூச்சு சாமானியமானது இல்லை. புல்லைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கள்ளிச்சாறு விட்டு மிதித்துப் பூசினேன். மாடம் இருந்த இடம் மறுநாள் எனக்கே தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஆட்டத்தில் அது விரிசல் விட்டதா? விடவில்லை அல்லவா? கமிஷன்காரன் மேலாகச் சுரண்டிவிட்டுப் போய்விடுவான். அரசாங்க வேலை எந்த லட்சணத்தில் நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த நாளைப் பற்றி இனி எழுதாதே என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை.

உன் அண்ணன்
ஃபெர்மின்

*

கூஸ்கோ,
2 அக்டோபர் 1950

அண்ணா,

கண்டுபிடித்துவிட்டார்கள்.

உன் கள்ளிச்சாற்றுப் பூச்சைப் பற்றி அவர்களும் பெருமையாகத்தான் பேசினார்கள். "என்ன கெட்டி பாருங்க, அந்தக் காலத்து வேலை" என்றார்கள். உனக்கு வயது அறுநூறு என்று வைத்துக்கொள்.

காவலாளிக்குத் தினமும் சோளம் கொடுத்துப் பழக்கிவைத்திருந்தேன். அவன் கயிற்றுக்கு உள்ளே நிற்கவிட்டான். சுரண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "சார், இங்க தட்டினா வேற மாதிரி சத்தம் கேக்குது!" என்று கத்தினான். எஞ்சினியர், ஒரு புரொபசர், ஒரு டாக்டர் எல்லாரும் ஓடி வந்தார்கள். புரொபசர் முழங்கால் போட்டுவிட்டார். பூச்சை அவர்கள் பெயர்த்த பெயர்ப்பில் எவ்வளவு மரியாதை! நம் அம்மாவை மண்ணிலிருந்து எடுத்தபோது அந்த மரியாதையில் பாதி இல்லை.

எல்லாம் அப்படியே இருந்தது. சால்வை, கோக்கா இலை, அம்மா வைத்த சோளக்கதிர், மேலே சுற்றியிருந்த என் இடுப்புக் கச்சை. ஈரம் படாத இடம் அல்லவா. நான் கயிற்றைத் தாண்டிவிட்டேன்.

"அது என் பிள்ளை, சார்."

எஞ்சினியர் திரும்பிப் பார்த்தான். "அம்மா, நேத்து ஒருத்தி வந்து சூரியக் கோயிலே எங்க பாட்டன் வீடுன்னா. அதுக்கு முந்தின நாள் ஒருத்தன் தங்கம் கெடச்சா பங்கு வேணும்னான். நீ பிள்ளைன்னு கெளம்பிட்ட."

"அந்தக் கச்சை நான் நெய்ஞ்சது, சார்!"

புரொபசர் நல்ல மனுஷர். கோபிக்கவில்லை. "இந்த மாதிரிதாம்மா இங்க நூறு நூறு வருஷமா நெய்யறாங்க. அதனாலதான் சொல்றேன், இது பழசு" என்றார். நான் என் இடுப்பில் கட்டியிருந்த கச்சையைத் தூக்கிக் காட்டினேன். அதே மான், அதே நட்சத்திரம், இரண்டையும் ஒரே மாதத்தில் நெய்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பி, "பாத்தீங்களா, அந்தத் தொடர்ச்சி எப்படி அறுபடாம இருக்குன்னு!" என்று கண் கலங்கினார்.

நான் என்ன செய்ய, சொல்லு? அழுதால் பக்தி என்கிறார்கள், கத்தினால் பைத்தியம் என்கிறார்கள்.

இன்கா காலத்துப் பிரபு வீட்டுக் குழந்தை, சுவர் காவலுக்கு வைத்தது என்று முடிவு செய்துவிட்டார்கள். மாடத்தை விட்டு எடுக்கவும் மாட்டார்களாம். இருந்த இடத்திலேயே முன்னால் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு மின்சார பல்பு. நாம் இருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு மெழுகுவர்த்திதான். இப்போது அது ராத்திரியும் விளக்கு வெளிச்சத்தில் கிடக்கிறது.

நான் ஒரு பெண்பிள்ளை சொன்னால் எடுபடாது. நீ ஆண், அரசாங்க டிராமில் உடுப்புப் போட்ட ஆள். உன் கையால் பூசியது. வந்து அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல். ஊர் சிரிக்கட்டும். நான் ரெடி.

பசிலியா

*

லிமா,
20 நவம்பர் 1950

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் அற்புத ஆண்டவர் சப்பரம் தூக்கி முடித்து, தோள் வீங்கிப் படுத்திருந்தேன். இந்த வருஷம் என்னை எங்கள் சபையில் தூக்கும் குழுவுக்குத் தலைவனாக்கியிருக்கிறார்கள். ஊதா அங்கி போட்டு முன்னால் நிற்கிறேன். எத்தனை பேர் அந்த இடத்துக்கு அலைகிறார்கள் தெரியுமா? மலையிலிருந்து வந்தவன் என்று இங்கே எல்லாரும் என்னை இளக்காரமாகப் பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் இப்போதுதான் நான் ஒரு மனிதன்.

நான் வந்து கமிஷன் முன்னால் சொன்னால் பேப்பரில் வரும். லிமாப் பேப்பரிலும் வரும். ஓர்தென்சியாவின் அண்ணன்மார் படிப்பார்கள். "உன் வீட்டுக்காரன் சுவத்துல பிள்ளையப் பொதைச்சவன்" என்பார்கள். என் மகளுக்கு வரும் மாசம் நிச்சயம் பேசப் போகிறோம்.

நான் ஒன்று யோசித்தேன். கோபிக்காமல் கேள். அது எங்கே போய்விட்டது? நம் வீட்டில்தான் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் போட்டால் மழை, மண், நாய். இங்கே கண்ணாடி, வெளிச்சம், காவல். வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்கள். பிரபு வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டுமே. நம்மால் அதற்குக் கொடுக்க முடியாத மரியாதை கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, ஆண்டவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் போதாதா?

கொஞ்ச நாள் ஆறப் போடு, பசிலி. எல்லாம் மறந்துவிடும்.

உன் அண்ணன்
ஃபெர்மின்

*

கூஸ்கோ,
18 ஜனவரி 1951

ஃபெர்மினுக்கு,

இந்தக் கடிதத்தில் அண்ணா என்று எழுதக் கை வரவில்லை.

மரியாதையாம். உன் மரியாதை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். காலையில் சூரியக் கோயில், பிறகு பெரிய கோயில், பன்னிரண்டு மூலைக் கல், பிறகு நம் வீடு, சாப்பாட்டுக்குப் பிறகு மேலே கோட்டை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதுதான் வரிசை. வழிகாட்டி ஒருத்தன், பெயர் வலேரியோ, நாக்கில் தேன் தடவியவன். கூட்டத்தைக் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்கிறான்: "இந்தப் பிள்ளையோட தாய் ஒரு இளவரசி. நாட்டுக்காகத் தன் பிள்ளைய சிரிச்சுக்கிட்டே குடுத்தா."

நான் பின்னாலிருந்து, "சிரிக்கல" என்றேன்.

"யாரது?"

"சோளக்காரி."

"வியாபாரம் வெளிய, ஆத்தா. உள்ள இளவரசி மட்டும்தான்" என்றான். கூட்டம் சிரித்தது. ஒரு வெள்ளைக்காரி தன் பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடிக்குள் காட்டினாள். அது உள்ளே பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் புத்தி இருந்தது.

ஆறப் போடச் சொல்கிறாய். எனக்கு வயது முப்பத்தெட்டு. பின்னால் என்னைக் கட்டினவனும் போய்விட்டான், அவனுக்கு என்னிடம் பிள்ளை தங்கவில்லை. எனக்கு இருப்பது அந்த மாடத்தில் இருப்பது ஒன்றுதான். அதை ஆறப் போட்டுவிட்டு எதைச் சூடாக வைத்திருக்க?

சரி. ஒரு வழி கிடைத்திருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். நம் பங்குச் சாமியார் ஆர்த்தேமியோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் கேட்டார். "தண்ணி ஊத்தின பிள்ளைன்னு நிச்சயமானா, அது கிறிஸ்தவப் பிள்ளை. நான் ஆயர்கிட்ட போவேன். ஆயர் கேட்டா கமிஷன் குடுத்துத்தான் ஆகணும், கிறிஸ்தவப் பிள்ளைய வேடிக்கைக்கு வைக்க எந்தச் சட்டமும் விடாது. தண்ணி ஊத்தலன்னா அது வெறும் பழைய எலும்பு, எனக்குப் பேச வழியில்ல" என்றார்.

"எங்க அண்ணன் ஊத்தினான், சாமி."

"அப்ப உங்கண்ணன் எழுதட்டும். அவன் வரக்கூட வேணாம். என்ன நடந்துச்சு, என்ன பேர் வச்சான், அவன் கைப்பட எனக்கு எழுதட்டும். நீ அவனுக்கு எதையும் சொல்லிக் குடுக்காத. கண்ணாடில ஒட்டியிருக்கிற அட்டையில டாக்டர் என்ன எழுதியிருக்கார்ங்கிறதையும் எழுதாத. ரெண்டும் பொருந்தினா அதுவே எனக்குச் சாட்சி."

ஆகவே நான் உனக்கு எதையும் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது. நீ வைத்த பேர் என்னவென்று அன்றைக்கே அம்மாவிடம் கேட்டேன். "பேர் தெரிஞ்சா கூப்பிடுவ. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அது நிம்மதியாப் போகாது" என்று வாயைப் பொத்தினாள். அதனால் உன்னிடமும் கேட்கவில்லை. இருபத்தோரு வருஷமாக என் பிள்ளையை நான் "அது" என்றுதான் நினைக்கிறேன்.

நீ லிமாவை விட்டு வர வேண்டாம். உன் ஊதா அங்கிக்கு ஒன்றும் ஆகாது, சாமியார் பெயரை வெளியே விடமாட்டார். ஒரே ஒரு காகிதம். அது கிடைத்தால் என் பிள்ளை கல்லறைத் தோட்டத்துக்குப் போகும், எனக்கும் அதன் பேர் தெரியும். இதுவும் உன்னால் முடியாதென்றால் பதில் எழுதாதே.

பசிலியா

*

லிமா,
5 மார்ச் 1951

அன்புத் தங்கச்சி பசிலிக்கு,

எழுதிவிட்டேன். சாமியாருக்கு இன்றைக்கே தபாலில் போட்டுவிட்டேன். ஒரு மாதம் இழுத்தடித்தேன் என்று நினைக்காதே. நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். இப்படிப்பட்ட விஷயத்தை எழுதப் பழக்கமில்லை.

அதில் எழுதியதை உனக்கும் சொல்கிறேன். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்துவிட்டாய், இனி மறைக்க என்ன இருக்கிறது.

அம்மா என் கையில் கொடுத்ததும் உள் அறைக்குக் கொண்டுபோனேன். ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருந்தது. சால்வையை முழுசாகப் பிரித்தேன், அரைகுறையாகச் செய்யக்கூடாது என்று. செம்பில் இருந்த தண்ணீரைத் தலையில் மூன்று தடவை ஊற்றினேன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சத்தமாகச் சொன்னேன். தண்ணீர் வயிற்றிலும் காலிலும் ஓடியது. குளிருக்கு அது காலை உதைத்துக்கொண்டது. துண்டால் துடைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அச்சு உன் ஜாடை, பசிலி. உன்னைப் போலவே மோவாயில் குழி.

அன்றைக்கு நான் செபஸ்தியார் சப்பரம் தூக்க வேண்டியிருந்தது, வெளியே மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புனிதர் பேரே வாயில் வந்தது. செபஸ்தியானா என்று வைத்தேன். உன் மகள் பேர் செபஸ்தியானா.

இப்போது மனசு லேசாக இருக்கிறது. நீ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அடக்கத்துக்குப் பூவுக்காக என் பங்கையும் அனுப்புகிறேன். எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

உன் அண்ணன்
ஃபெர்மின்

*

கூஸ்கோ,
29 மார்ச் 1951

ஃபெர்மின் அண்ணாவுக்கு,

உனக்குச் சாமியார் பதில் எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உன் கடிதம் எனக்கு அப்போது வந்திருக்கவில்லை, அவருக்கு எழுதியதுதான் முதலில் வந்தது. நான் நல்ல பாவாடை கட்டிக்கொண்டு போனேன். பேர் தெரியப் போகிறது அல்லவா. வழியெல்லாம் எனக்குத் தெரிந்த பேரை எல்லாம் ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த பால்காரி, "என்னடி, கல்யாணமா?" என்று கேட்டாள். "அதை விடப் பெருசு" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"உக்காரு, பசிலியா" என்றார் சாமியார். "அந்த அட்டையில டாக்டர் என்ன எழுதியிருக்கார்?"

"ஆண் குழந்தைன்னு எழுதியிருக்கு, சாமி."

"நீ பெத்தது?"

"ஆண் குழந்தைதான்."

அவர் உன் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். நான் படித்து முடிக்கும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கண்ணன் அந்தத் துணியப் பிரிக்கவே இல்லம்மா" என்றார்.

அது ஆண் பிள்ளை, அண்ணா. மோவாயில் குழியும் கிடையாது.

நீ வெறுமனே "ஊற்றினேன், என்ன பேர் என்று மறந்துவிட்டது" என்று எழுதியிருந்தால்கூட அவர் ஏதாவது செய்திருப்பாரோ என்னவோ. நீ இரக்கப்பட்டுத்தான் இவ்வளவும் எழுதினாய் என்று எனக்குத் தெரிகிறது. காலை உதைத்துக்கொண்டது என்ற இடத்தில் நான் அழுதுவிட்டேன். அது பொய் என்று தெரிந்த பிறகும் அந்த இடத்தைத் திரும்பப் படிக்கிறேன்.

இப்போதாவது நாமே தண்ணீர் ஊற்றலாமா என்று சாமியாரிடம் கேட்டேன். "செத்தவங்களுக்கு ஊத்த முடியாதும்மா" என்றார். ஆயரிடம் போக அவரிடம் இனி ஒன்றும் இல்லை.

நான் உன்னைத் திட்டப் போவதில்லை. கையில் வாங்கும்போதே உயிர் போய்விட்டது என்று நினைத்திருப்பாய், அல்லது பயந்திருப்பாய், அல்லது வெளியே மேளம் கேட்டிருக்கும். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நீ "ஊத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடின பிறகு அம்மா அதை என் மடியில் கொண்டுவந்து போட்டாள். அது உயிரோடு இருந்தது, அண்ணா. புனிதர்களின் சப்பரங்கள் எல்லாம் சதுக்கத்தைச் சுற்றி முடித்து, பெரிய கோயில் மணி அடிக்கும் வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. என் தலைமாட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அந்த ஜெபம் எனக்குத் தெரியும், கன்னியர் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நீ ஊற்றவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊற்றியிருப்பேன். ஊற்றியாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். தாகமாக இருந்தது, அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

பூவுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். உன் மகள் கல்யாணத்தை நன்றாகச் செய்.

வருகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்ப்பதால் கறை படிகிறதாம். தினமும் காலையில் துடைக்கக் கமிஷனில் ஒரு பெண் ஆள் தேடினார்கள். நான் போய்க் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். சாவி எஞ்சினியரிடம் இருக்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும்தான் என் வேலை.

பசிலியா